நாலாம் நம்பர் கிணறு

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் ஓரிடத்தில் உள்ளே திரும்பினால், குரோமிய முலாம் பூசும் பழைய தொழிற்சாலை ஒன்று இருந்தது. நான் அங்கே முதலில் போனபோது அதை மூடி ஆறேழு வருடம் ஆகியிருந்தது. கூரைத் தகடுகளை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். தரை மட்டும் பாக்கி. தொட்டிகள் நின்ற இடங்களில் சிமெண்டு மஞ்சளும் பச்சையுமாகக் கறை பிடித்திருந்தது. கிடங்கு கட்டுவதற்காக அந்த நிலத்தை ஒரு நிறுவனம் வாங்கியிருந்தது. மண்ணையும் நிலத்தடி நீரையும் சுத்தம் செய்து கொடுக்கும் வேலை நான் இருந்த கம்பெனிக்கு வந்தது. பக்கத்திலேயே படப்பையில் வாடகை வீட்டில் இருப்பவள் நான்தான் என்பதால் என்னை அங்கே போட்டார்கள். நாற்பத்தொரு வயது, வேதியியல் படிப்பு, ஒரு ஸ்கூட்டர். இதற்கு மேல் அந்த வேலைக்கு எதுவும் தேவைப்படவில்லை.

வளாகத்துக்குள் ஒன்பது கிணறுகள். கிணறு என்று பேச்சுக்குத்தான் சொல்வோம். நாலு அங்குலக் குழாயைத் தரைக்குள் இறக்கி, மேலே மூடி போட்டுப் பூட்டியிருப்போம், அவ்வளவுதான். வாரம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் தண்ணீர் மொண்டு சோதிப்பேன். சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர், அதில் ஒரு பொட்டலம் பொடி. குலுக்கிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தால், விஷக் குரோமியம் இருக்கும் தண்ணீர் ஊதாவாக மாறும். எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு அடர்த்தி. சரியான அளவு பிறகு ஆய்வகத்திலிருந்து வரும். ஆனால் கண்ணுக்குத் தெரிந்ததை ஆய்வகம் பெரும்பாலும் மறுத்ததில்லை.

தளத்தில் நிரந்தரமாக இருந்தவர்கள் மூன்று பேர். நான், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஒரகடத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த பம்பு ஆபரேட்டர், பிறகு அக்கா. அக்கா பக்கத்து ஊர்க்காரர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் தகரக் கொட்டகையைக் கூட்டுவார், டீ போடுவார், மாதிரி பாட்டில்களைக் கழுவித் தருவார். கணவர் இல்லை. ஒரே மகள், கல்யாணமாகி அதே ஊரில் இருந்தாள். மருமகன் கார் சீட்டு செய்யும் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தார். அக்காவைப் பற்றி எனக்கு முதல் வருடத்தில் தெரிந்தது இவ்வளவுதான். அவரும் அதிகம் பேசமாட்டார். மூக்கை மட்டும் அடிக்கடி முந்தானையால் துடைத்துக்கொள்வார். சளி என்று நினைத்திருந்தேன்.

முதல் கோடையில் தரையை உடைத்து, அடியில் இருந்த மண்ணைத் தோண்டி எடுத்தோம். தார்ப்பாய் போட்டு மூடிய லாரிகளில் அது ஆபத்துக் கழிவுக் கிடங்குக்குப் போனது. மழைக்காலம் முடிந்ததும் கிணறுகள் ஒவ்வொன்றாக வெளுக்க ஆரம்பித்தன. எட்டுக் கிணறுகளில் ஊதா குறைந்தது. நாலாம் நம்பரில் மட்டும் ஏறியது.

அதுதான் எங்களுக்குப் புரியவில்லை. அந்தப் பகுதியில் நிலத்தடி நீர் மேற்கே ஏரிப் பக்கமிருந்து கிழக்கே நகர்கிறது. நாலாம் நம்பர் மேற்கு மூலையில், சுவரை ஒட்டி இருந்தது. வெளியிலிருந்து தண்ணீர் எங்கள் நிலத்துக்குள் நுழையும் இடம் அது. எதுவும் கலக்காமல் இருக்க வேண்டிய கிணறு. வாரம் ஒருமுறை சென்னை அலுவலகத்திலிருந்து வரும் எங்கள் மேலாளர், பாட்டில் மாறியிருக்கும் என்றார். நான் மறுபடி எடுத்தேன். குப்பி கழுவவில்லை என்றார். புதுக் குப்பியில் எடுத்தேன். ஊதா ஊதாவாகவே இருந்தது. கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்த தள வரைபடத்தில், நாலாம் நம்பருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன். அக்கா தினமும் அந்த வரைபடத்துக்குக் கீழேதான் கூட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் வருடம் நீருக்குள் இனிப்பு செலுத்தும் வேலை தொடங்கியது. கேட்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். குரோமியத்தில் ஒரு வகை தண்ணீரோடு கரைந்து ஓடும், அதுதான் விஷம். இன்னொரு வகை மண்ணோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். பெரிய தீங்கு செய்யாது. மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு இனிப்பைக் கொடுத்தால் அவை பெருகி, ஓடுகிற வகையை ஒட்டுகிற வகையாக மாற்றிவிடும். சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகு மலிவு. ஆனால் அதில் சாராயம் காய்ச்சலாம் என்பதால் வாங்கி வைக்க உரிமம் வேண்டும். உரிமம் வரும் வழியாகத் தெரியவில்லை. பழைய உருண்டை வெல்லத்தை மூட்டை மூட்டையாக இறக்கினார் மேலாளர். டிரம்களில் கரைத்து, குழாய் வழியாகத் தரைக்குள் அனுப்பினோம்.

வெயிலில் நாலே நாளில் அது புளித்துவிட்டது. கள்ளுக்கடை வாசலில் நிற்பது போல இருந்தது வளாகம். பம்பு ஆபரேட்டர் காலையில் வந்ததும் சொன்னார், "மேடம், நாம சாராயம் காய்ச்சுதோம்னு ஊருக்குள்ள பேசிக்கிடுதாவ. பாருங்க, போலீசே வந்து நிக்காவ."

உண்மைதான். பைக்கில் ஒரு ஏட்டு வந்திருந்தார். டிரம்மில் விரலை விட்டு முகர்ந்தார். கிணற்றுக் குழாயைக் குனிந்து பார்த்தார். நான் விளக்கியதையெல்லாம் கேட்டுவிட்டு, "பூமிக்கு ஊத்தி வுடுறீங்க. போதை ஏறி ஆடாம இருந்தா சரி" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் அக்கா டீ கொண்டுவந்தார். நானும் ஆபரேட்டரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றதைப் பார்த்து, "எதுக்கு மேடம் அல்லாரும் மூக்கப் பொத்திகினு கீறீங்க?" என்றார்.

"நாத்தம் தெரியலையாக்கா?"

"எனுக்கு எந்த நாத்தமும் தெரியாது மேடம். வாசனையும் தெரியாது. மல்லிப்பூவும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான்."

"எப்போலேருந்து?"

அவர் டீத்தட்டைக் கீழே வைத்தார். "இங்க பிளேட்டிங்ல இருந்தேன் இல்ல, அப்போலேர்ந்து. மூக்குல ஓட்டை. எங்க லைன்ல பாதிப் பேருக்கு கீது."

அவர் அங்கே வேலை பார்த்தவர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கைபேசி விளக்கை வாங்கி, ஒரு நாசித் துளைக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். மறு துளை வழியாக வெளிச்சம் வந்தது. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய தண்டில் பட்டாணி அளவுக்கு ஓட்டை. குரோமிய ஆவியை வருடக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு அப்படி ஆகும் என்று நான் புத்தகத்தில் படித்திருந்தேன். தேர்வில் எழுதியும் இருக்கிறேன். பார்த்ததில்லை.

"எத்தனை வருஷம் இருந்தீங்க?"

"ஒம்போது. கொக்கில சாமான மாட்டி தொட்டில எறக்குவோம். செகப்பு ஆசிட் கொதிக்கும். மொதல்ல மூக்கு எரியும், ரத்தம் வரும். அப்பறம் வலி நின்னுப்பூடும். வலி நின்னா ஓட்டை வுயுந்திடிச்சின்னு அர்த்தம்."

ஒன்றரை வருடமாகத் தொழிற்சாலையின் பழைய வரைபடங்களைத் தேடி நாங்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்திருந்தோம். அதே ஒன்றரை வருடம் இந்தப் பெண்மணி என் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றுதான் கேட்டேன். "கழிவு, சேறு எல்லாம் எங்கக்கா கொட்டுவாங்க?"

"அதெல்லாம் லாரில போச்சு மேடம்" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பதில் கொஞ்சம் வேகமாக வந்தது. அதை நான் கவனித்தேன். இருந்தும் மறுபடி கேட்கவில்லை. அந்த மாதம் அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது, இருக்கிற வேலை போதும் என்று தோன்றியது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, நான் ஸ்கூட்டரை நிறுத்துவதற்கு முன்பே அக்கா கொட்டகை வாசலில் நின்றார். கையில் துணியில் சுற்றிய கூல்டிரிங்ஸ் பாட்டில்.

"இத்த கொஞ்சம் பாருங்க மேடம். எங்கேர்ந்துன்னு மட்டும் கேக்காதீங்க."

தண்ணீர் லேசான மஞ்சள். பொடியைப் போடுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. போட்டதும் ஐந்து நிமிடம் தேவைப்படவில்லை. கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. நாலாம் நம்பரில்கூட அந்த அடர்த்தியை நான் பார்த்ததில்லை.

"யாராவது குடிச்சாங்களா?"

"இல்ல. போர் போட்டு நாலு நாள்தான் ஆவுது. வூடு கட்டறதுக்கு."

"யார் வீடு?"

"எம்பொண்ணு வூடு" என்றார். பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் சொன்னதை இடையில் நிறுத்தாமல் கேட்டேன்.

"ஞாயித்துக்கெயமல நாலஞ்சி பேர வரச் சொல்லுவாங்க மேடம். டபுள் ஓட்டி சம்பளம். மத்தியானம் பிரியாணி. தொட்டி அடில கெடக்குற சேத்த டிரம்மு டிரம்மா வாரி, மேக்கால செவுத்துக்கு அந்தாண்ட ஒரு பள்ளம் இருந்திச்சி, அதுல கொட்டுவோம். டிரம்மு ஓட்டையா இருந்தா டிரம்மோட தள்ளுவோம். நானும் தூக்கினவதான். அப்பறம் அத்த மண்ணு போட்டு மூடிட்டாங்க. நெலம் கை மாறி கை மாறி மனை போட்டாங்க. எங்க மாப்ள எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம வாங்கி, ரிஜிஸ்டர் பண்ணிட்டு, அத்தைக்கு காட்டணும்னு வண்டில இஸ்துகினு வந்து நிறுத்துனாரு. நின்ன எடம் அந்தப் பள்ளம்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"எப்பிடிச் சொல்றது? அவரு மூஞ்சில அவ்ளோ சந்தோசம். மண்ணு மேல மண்ணு, மழ மேல மழ, எல்லாம் சரியாப் பூட்டிருக்கும்னு நெனச்சிகினேன். முந்தாநேத்து போர்த்தண்ணில பேத்தி கால வச்சி ஆடிகினு இருந்தா. தண்ணி மஞ்சளா வருது பாட்டின்னு கத்துறா." பிறகு கேட்டார். "போலீசு என்னப் புடிச்சிகினு போயிடுமா?"

தெரியாது என்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

இருவரும் நடந்து போனோம். சுவரைச் சுற்றிப் போக வேண்டியிருந்ததால் பத்து நிமிடம் ஆனது. சுவரைத் தாண்டியதும் நாலாம் நம்பர் கிணற்றிலிருந்து கல்லெறி தூரத்தில், கலர் அடித்த மனைக்கற்கள். மகளின் மனையில் முன்பக்கம் அஸ்திவாரம் எழும்பியிருந்தது. பின்பக்கம் போர்க்குழாய். அக்கா காலால் கோடு கிழித்து, "இங்கேர்ந்து, அதோ அந்தச் செவுரு வரைக்கும்" என்றார். கொட்டகைக்குத் திரும்பியதும் வரைபடத்தில் இருந்த கேள்விக்குறியை அழித்துவிட்டு, சுவருக்கு வெளியே ஒரு நீள்வட்டம் வரைந்தேன்.

மறுநாள் காலை ஷிப்டு முடிந்து மருமகன் சீருடையோடு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கத்தவில்லை. "நீங்க உள்ள சுத்தம் பண்ணத்தானே வந்தீங்க? வெளிய உங்களுக்கு இன்னா வேல மேடம்?" என்றார். அக்கா டீ அடுப்புப் பக்கம் நின்றார். மருமகன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நான் மூன்று குப்பிகளை எடுத்து வைத்தேன். ஒன்றில் கேன் தண்ணீர், ஒன்றில் ஒன்பதாம் நம்பர் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் அவருடைய போர்த்தண்ணீர். பொட்டலங்களை அவரிடமே கொடுத்து, "நீங்களே போடுங்க" என்றேன். போட்டார். குலுக்கினார். முதலாவது அப்படியே இருந்தது. இரண்டாவது இளம்சிவப்பு. மூன்றாவதை அவர் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"எம்பொண்ணு கால் கழுவினா இதுல."

"கால் கழுவினதால ஒண்ணும் ஆகாது. குடிக்கக் கூடாது, சமைக்கக் கூடாது. இன்னைக்கே போர மூடிடுங்க."

"இத்த நீங்க எழுதினா என் மனை இன்னா ஆவும்?"

"தெரியல. எழுதலைன்னா தண்ணி இப்படியேதான் இருக்கும்."

குப்பியை மெதுவாக வைத்துவிட்டு வெளியே போனார். போகிற வழியில் மாமியாரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறமும் ஏழெட்டு மாதம் பேசவில்லை என்று அக்கா சொன்னார்.

மேலாளருக்கும் இது பிடிக்கவில்லை. நம்முடைய ஒப்பந்தம் சுவர் வரைக்கும்தான், வெளியே இருப்பதை நாம் ஏன் எழுத வேண்டும் என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு முடிக்க வேண்டிய தேதி இருந்தது. நான் சொன்னது ஒன்றுதான். பள்ளம் அங்கே இருக்கும் வரை நாலாம் நம்பர் இறங்காது. நாலாம் நம்பர் இறங்காமல் நிலம் சுத்தமானது என்ற அரசு ஒப்புதல் கடிதம் வராது. கடிதம் வராமல் கிடங்குக்காரர்கள் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. நியாயம் அநியாயம் எதையும் நான் பேசவில்லை. பேசியிருந்தால் நடந்திருக்காது என்று இப்போதும் நினைக்கிறேன். அறிக்கையில் போர்த்தண்ணீர் முடிவு இடம்பெற்றது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் பழைய முதலாளியைத் தேடிப் பார்த்தார்கள். அந்தக் கம்பெனி பெயரளவிலும் இல்லாமல் போயிருந்தது. கடைசியில் கிடங்கு நிறுவனமே தோண்ட ஒத்துக்கொண்டது.

அதற்கு முன்பு, அக்காவிடம் வாக்குமூலம் வாங்க வாரிய அதிகாரி ஒருவர் கொட்டகைக்கு வந்தார். அக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். முடித்ததும் அக்கா, "படிச்சிக் காட்டுங்க சார்" என்றார். அவர் படித்தார். 'ஊழியர்களைக் கொண்டு கழிவு கொட்டப்பட்டது' என்று இருந்தது.

"நானும் தூக்கினேன்னு எழுதலியே சார்."

"அது தேவையில்லம்மா. உங்களுக்கு நல்லதுக்குத்தான் விட்டிருக்கேன்."

"எழுதுங்க சார். நான் தூக்காம அது எப்பிடிப் போச்சின்னு நாளைக்கு யாராச்சும் கேட்டா?"

அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு அந்த வரியைச் சேர்த்தார். அக்கா எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதனால் அவருக்கு எந்தக் கேடும் வரவில்லை. யாரும் பிறகு அவரைக் கூப்பிடவும் இல்லை.

அடுத்த சித்திரையில் பள்ளத்தைத் தோண்டினார்கள். இடுப்பளவு ஆழம் வரை சாதாரணச் செம்மண். அதற்குக் கீழே பச்சையும் மஞ்சளுமாகக் கட்டி கட்டியாகச் சேறு, துருப்பிடித்துச் சப்பையான டிரம்கள், ரப்பர் கையுறைகள், கொத்துக் கொத்தாக இரும்புக் கொக்கிகள். முகமூடி போடாமல் யாரும் சுற்றிக் கட்டிய கயிற்றைத் தாண்டக் கூடாது என்று வைத்திருந்தேன். அக்காவும் ஒரு முகமூடி போட்டுக்கொண்டு கயிற்றுக்கு வெளியே மூன்று நாளும் நின்றார். ஒரு கொக்கியைக் காட்டி, "இது நம்ம லைன் கொக்கி" என்று ஆபரேட்டரிடம் சொன்னார். ஆபரேட்டர், "இதப் போட்டிருந்தா மூக்கு இப்படி ஆயிருக்காதுல்லா அக்கா? அப்பமே குடுத்திருக்கலாம்லா" என்று தன் முகமூடியைத் தொட்டுக் காட்டினார். "கைக்குட்ட கட்டிகினு இருந்தோம்" என்றார் அக்கா.

சேறு போன பிறகு பக்கவாட்டு மண்ணிலும் அடிமண்ணிலும் மாதிரி எடுத்தேன். இரண்டு தடவை இன்னும் தோண்டச் சொன்னேன். மூன்றாம் தடவை ஆய்வகம் சரி என்றது. வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து கெட்டித்து நிரப்பினார்கள். போர்க்குழாயைச் சிமெண்டு ஊற்றி நிரந்தரமாக அடைத்தார்கள். நாலாம் நம்பர் அந்த வருட மழைக்குப் பிறகு இளம்சிவப்புக்கு வந்தது. மறு வருடம் ஒரு புதன்கிழமை பொடியைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடத்துக்குப் பதில் கால் மணி நேரம் காத்திருந்தேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. மேலாளருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது. எனக்குப் பெரிய சந்தோஷம் எதுவும் வரவில்லை. கணக்குப் போட்டு விடை சரியாக வந்த மாதிரி இருந்தது.

இடையில் ஒருநாள் அக்காவைச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மூக்கு மருத்துவர் பார்த்துவிட்டு, ஓட்டை இனிமேல் தானாக மூடாது, வேண்டுமானால் சிலிகானில் பித்தான் போல ஒன்றை வைத்து அடைக்கலாம் என்றார். வாசனை திரும்புமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். வெளியே வந்ததும் அக்கா, "சட்டைக்குத்தான் பித்தான் வப்பாங்க. மூக்குக்குமா?" என்று சிரித்தார். வைத்துக்கொள்ளவில்லை. நான் வற்புறுத்தவுமில்லை.

ஒப்புதல் கடிதம் வந்த பிறகு எங்கள் கொட்டகையைப் பிரித்தார்கள். என்னை மணலிப் பக்கம் வேறொரு தளத்துக்கு மாற்றினார்கள். அடுத்த தை மாதம் மகள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு அக்கா போனில் கூப்பிட்டார். மருமகனும் போனை வாங்கி, "கண்டிப்பா வரணும் மேடம்" என்றார்.

போனேன். வீடு முன்பக்க அஸ்திவாரத்திலேயே நின்றது. வாசலில் சிண்டெக்ஸ் டேங்க், லாரித் தண்ணீர். மருமகன் இலை போட்டுப் பரிமாறிக்கொண்டே, "அத்த, மேடத்துக்கு வடை வையி" என்றார். சாப்பிட்டு முடித்ததும் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். நிரப்பிய இடம் காலியாகக் கிடந்தது. அங்கங்கே புல் முளைத்திருந்தது.

"மேடம், இங்க எதுனா வெக்கலாமா? முருங்க வெக்கணும்ன்றா வூட்ல."

மேல்மண் வெளியிலிருந்து வந்தது, சுத்தமானதுதான். ஆனால் முருங்கை வேர் ஆழமாக இறங்கும். கீழே தண்ணீரை இன்னும் சில வருடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "பூச்செடி வைங்க. சாப்பிடறது எதுவும் இப்ப வேண்டாம்" என்றேன்.

"எப்ப வெக்கலாம்?"

"வருஷா வருஷம் சோதிச்சுப் பாத்துச் சொல்றேன்."

அவர் தலையாட்டினார். அடுத்த மாதம் அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தார். பின்பக்கம், கிணற்றுக்கு இறக்கும் சிமெண்டு உறைகள் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, அடியில் தளம் போட்டு, உள்ளே மண் நிரப்பி, அதில் ஒரு முருங்கைப் போத்து நட்டிருந்தார்கள். வேர் எங்கே போகும் என்று மருமகனே யோசித்துக் கட்டியது என்று குரல்செய்தியில் சொன்னார். உறை உயரம் போதுமா என்று பார்க்கச் சொன்னார். போதும் என்று பதில் அனுப்பினேன்.